படகு யாருக்காக வந்தது

மரியே வாழ்க!

ஜெர்மனி
12.2.2000

அன்புத் தங்கை பாத்திமாவுக்கு அக்கா ரோஸ்லின் எழுதுவது.

மாதா புண்ணியத்தில் இங்கே நான் சுகம். கை மட்டும் குளிரில் வெடித்துக் கிடக்கிறது. முதியோர் இல்லத்தில் காலை முழுக்கக் கிழவிகளைக் குளிப்பாட்டுகிற கைக்கு வேறென்ன ஆகும்? நீ, உன் வீட்டுக்காரர், ஆஷ்லின், எல்லோரும் சுகமா? அப்பாவுக்குக் கண்புரை எப்படி இருக்கிறது? வழக்கம்போல இதையும் ஆஷ்லினை விட்டு அவர் காதில் விழும்படி சத்தமாக வாசிக்கச் சொல்.

ஒரு வேடிக்கை கேள். நம் பங்குப் பள்ளிக்கூடத்தில் வெள்ளைக்காரச் சிஸ்டர் சுவரில் வேட்டி கட்டி ஒரு பொம்மைப்படம் போட்டார்களே, ஏரித்தாய் கதை, ஞாபகம் இருக்கிறதா? ராஜாவின் இளைய மகளுக்குச் சாகக் கிடக்கிற காய்ச்சல். ஏரித்தாய் வந்து, "பிழைக்க வைக்கிறேன், பெரியவள் ஆனதும் எனக்குக் கொடுத்துவிடு" என்கிறாள். ராஜாவும் சரி என்கிறான். வருஷங்கள் கழித்துப் படகு வருகிறது. ஆனால் ஏறிப் போகிறவள் மூத்தவள். இளையவளுக்கு இளவரசனோடு கல்யாணம். கடைசியில் மூத்தவள் சிரித்துக்கொண்டே திரும்பி வர, இரண்டு பேரும் கட்டிக்கொள்ள, மணி அடித்து முடித்துவிடுவார்கள்.

அதே கதையை இப்போது நிஜ ஆட்களை நடிக்க வைத்துப் புதிதாக எடுத்திருக்கிறார்கள். போன ஞாயிறு இல்லத்தின் ஹாலில் போட்டார்கள். கிழவிகள் எல்லாம் தூங்கிவிட்டார்கள், நான் ஒருத்திதான் பார்த்தேன். பழைய படத்தில் இருந்த ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைத்திருக்கிறார்கள், நம் அப்பா வரப்பில் நண்டு வளை அடைக்கிற மாதிரி. இளையவளுக்குப் பதில் மூத்தவள் வந்தது ஏரித்தாய்க்குத் தெரியாதா என்று அன்றைக்கு நான் கேட்டு, சிஸ்டரிடம் குட்டு வாங்கினேன். புதுப் படத்தில் பதில் இருக்கிறது. ஏரித்தாய்க்குக் கண் தெரியாது. ராஜா யார் கையைப் பிடித்துக் கொடுக்கிறானோ அவள்தான் மகள்.

மற்ற ஓட்டைகளை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். வரும் டிசம்பர் எட்டாம் தேதி எனக்கு நித்திய வார்த்தைப்பாடு. அதைக் கொடுத்துவிட்டால் சாகும்வரை சிஸ்டர்தான். செபத்தில் நினைத்துக்கொள்.

உன் அன்பு அக்கா,
ரோஸ்லின்

*

மரியே வாழ்க!

மேலக்கோட்டகம், திருத்துறைப்பூண்டி வழி
15.3.2000

அன்புள்ள அக்காவுக்குப் பாத்திமா மேரி எழுதிக்கொண்டது.

நாங்கள் எல்லோரும் சௌக்கியம். உன் கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவு. அங்கே கிடைக்காது என்றால் எழுது, யாராவது வருகிறவர்களிடம் கொடுத்து விடுகிறேன். சம்பா அறுத்து உளுந்து தெளித்தாயிற்று. இவருடைய கேபிள் டிவி நன்றாக ஓடுகிறது, பக்கத்து ஊருக்கும் ஒயர் இழுத்துவிட்டார். சாயங்காலம் ஆனால் தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை, எல்லா வீட்டிலும் இவர் போடுகிற படம்தான்.

உன் கடிதத்தை ஆஷ்லின் எத்தனை தடவை வாசித்தாள் என்று கணக்கே இல்லை. படத்தை வாங்கி வந்து கேபிளில் போடு என்று அப்பனை நச்சரிக்கிறாள். எனக்கு அந்தப் பொம்மைப்படம் அவ்வளவாக ஞாபகம் இல்லை. கதை என்றால் கதைதானே, அதில் போய் ஓட்டை தேடுவானேன்? நீ சின்ன வயதிலிருந்தே இப்படித்தான்.

அப்பா எல்லோரிடமும் டிசம்பர் எட்டு, டிசம்பர் எட்டு என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். மே மாதம் ஆஷ்லினுக்குப் புதுநன்மை, முதல் தடவையாக நற்கருணை வாங்கப் போகிறாள். போட்டோ அனுப்புகிறேன்.

இப்படிக்கு உன் பிரியமுள்ள தங்கை,
பாத்திமா மேரி

பெரியம்மா, நான் ஆஷ்லின். படகு அங்கயே கரையிலதானே இருந்திருக்கும்? அப்ப அந்த அக்கா ஏன் அதுல ஏறி வீட்டுக்கு வரல?

*

மரியே வாழ்க!

ஜெர்மனி
4.4.2000

அன்புத் தங்கைக்கும் என் வாயாடி மகளுக்கும் அக்கா எழுதுவது.

நான் நலம், நீங்கள் நலமாக இருக்க வேண்டும். பனி உருகத் தொடங்கிவிட்டது.

ஆஷ்லின் கண்ணு, நல்ல கேள்வி கேட்டாய். உனக்காகவே கேசட்டை வாங்கி இன்னொரு தடவை பார்த்தேன். புதுப் படத்தில் அதற்கு இப்படிச் சொல்கிறார்கள். அவள் வீடு இருக்கிற கரையில் இருந்து யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் படகு நகரும். மூத்தவள் தினமும் துடுப்பைப் பிடித்துக்கொண்டு படகில் உட்காருகிறாள். யாரும் கூப்பிடவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

இன்னொன்றும் சொல்கிறேன். இந்தக் கதை நம் வீட்டுக் கதை மாதிரியே இருக்கிறது, உனக்குத் தெரியுமா? உன் அம்மாவுக்கு நாலு வயதில் மஞ்சள் காமாலை வந்து, பிழைக்காது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். தாத்தா வேளாங்கண்ணிக்கு நடந்தே போய், "பிள்ளை பிழைத்தால் உனக்கே கொடுத்துவிடுகிறேன், மடத்தில் சேர்த்துவிடுகிறேன்" என்று மாதாவிடம் நேர்ந்துகொண்டார். அப்படியென்றால் மடத்துக்கு வந்திருக்க வேண்டியது உன் அம்மா. நான் எப்படி வந்தேன்? தாத்தாவிடம் கேள், பெருமையாகச் சொல்வார். உன் அம்மாவின் கனவில் மாதா வந்து, "நீ வேண்டாம், உன் அக்காவைக் கொடு" என்று என் பெயர் சொல்லிக் கேட்டார்கள்.

படத்தில் மூத்தவள் ஏன் போனாள் என்பதற்கும் ஒரு காரணம் வைத்திருக்கிறார்கள். அதை இப்போது எழுதப் போவதில்லை.

பாத்திமா, நித்திய வார்த்தைப்பாடு வேண்டாம் என்றால் அக்டோபருக்குள் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று எங்கள் மடத்து மதர் எல்லோரிடமும் கேட்டார்கள். என்னிடமும் கேட்டார்கள். நான் உடனே பதில் சொல்லவில்லை.

அன்புடன்,
ரோஸ்லின்

*

மரியே வாழ்க!

மேலக்கோட்டகம்
28.5.2000

அன்புள்ள அக்காவுக்குப் பாத்திமா எழுதிக்கொண்டது.

எல்லோரும் சுகம். பதில் எழுத நாளாகிவிட்டது, கோபப்படாதே. புதுநன்மை வேலையில் கை ஒழியவில்லை. இதோடு போட்டோ வைத்திருக்கிறேன். வெள்ளை கவுன், தலையில் முக்காடு, கையில் மெழுகுதிரி. பார்த்தவர்கள் எல்லாம் குட்டி சிஸ்டர் என்றார்கள், பெரியம்மாவையே உரித்து வைத்திருக்கிறாள் என்றார்கள். மூக்கைப் பார், உன் மூக்குத்தான்.

பிள்ளையிடம் பழைய கதையெல்லாம் எதற்கு எழுதுகிறாய்? அவள் தாத்தாவைக் கேட்டு, அவர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்துவிட்டார். பெரிய வாய்க்கால் மதகு, மதகின் மேல் நீலப் புடவையில் மாதா, "ரோஸ்லின், ரோஸ்லின்" என்று கூப்பிட்டது, எல்லாம் ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்கிறார். அந்தக் கதையில் ஓட்டை எதுவும் இல்லை, அக்கா.

நீ மதரிடம் உடனே பதில் சொல்லவில்லை என்று எழுதியிருந்தாய். வாசித்துவிட்டு அப்பா அன்று சாப்பிடவில்லை. பார்த்து எழுது.

இவர் சென்னை பர்மா பஜாரில் சொல்லி வைத்து அந்தப் படத்தின் கேசட்டை வாங்கி வந்து, லீவில் பிள்ளைகளுக்காகக் கேபிளில் போட்டார். இங்கிலீஷ்தான், ஆனாலும் பார்த்தாலே புரிந்தது. பாதியில் கரண்ட் போய்விட்டது. என்ன செய்வது, நம் ஊர் கரண்ட் அப்படி.

பிரியமுடன்,
பாத்திமா மேரி

பெரியம்மா, கரண்ட் போகல. ஃபேன் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. அம்மாதான் அப்பா ரூமுக்குப் போயி ஒயரைப் பிடுங்கிட்டாங்க. அந்தத் தங்கச்சி முழிச்சிக்கிட்டே படுத்திருந்தாளே, அதோட நின்னுபோச்சு. கேசட்டையும் காணோம். அப்புறம் என்ன ஆச்சு?

*

மரியே வாழ்க!

ஜெர்மனி
14.6.2000

பாத்திமாவுக்கு,

இதை ஆஷ்லின் கையில் கொடுக்காதே. நீ மட்டும் படி. உடம்புக்கு நலமா என்று கேட்பதை இந்த ஒரு தடவை பிறகு வைத்துக்கொள்கிறேன்.

நீ ஒயரைப் பிடுங்கிய இடத்துக்கு அப்புறம் வருவதை நான் சொல்கிறேன். படகு வருவதற்கு முதல் நாள், இளையவள் கண்ணைத் திறந்துகொண்டே படுத்திருக்கிறாள். ஒரு பொட்டுத் தூங்கவில்லை. விடிந்ததும் எழுந்து அப்பனிடம் ஓடுகிறாள். "ஏரித்தாய் கனவில் வந்தாள், அக்காவைத்தான் கேட்டாள்" என்று சொல்லி அழுகிறாள். அப்பன் நம்பிவிடுகிறான். மூத்தவளும் நம்பிவிடுகிறாள். இதுதான் அவர்கள் அந்த ஓட்டையை அடைத்த விதம். ஏதோ ஒரு தேசத்தில், நம்மைத் தெரியாத ஒருவன் உட்கார்ந்து யோசித்து, இப்படி நடந்திருந்தால்தான் கதை பொருந்தும் என்று எழுதியிருக்கிறான். 

தொண்ணூறில் கோயிலில் கல்யாண ஓலை வாசித்தது உனக்கு மறந்திருக்காது. முதல் ஞாயிறு, சவரியப்பன் மகள் ரோஸ்லினுக்கும் ரெமிஜியஸுக்கும் என்று சாமியார் வாசித்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன், முகமெல்லாம் சிரிப்பு. மடத்திலிருந்து உன்னை அழைத்துப் போக வருகிறார்கள் என்று அந்த வாரம்தான் கடிதம் வந்தது. அந்த வாரம்தான் உனக்குக் கனவும் வந்தது. அடுத்த ஞாயிறு ஓலை வாசிக்கவில்லை. பிறகு வாசித்தபோது ரெமிஜியஸ் பெயரோடு உன் பெயர்.

யாரும் என் காலைக் கட்டி இழுத்து வரவில்லை. மாதா என்னைப் பெயர் சொல்லிக் கேட்டார்கள் என்று நம்பி, அழுகையோடும் பெருமையோடும் நானேதான் பஸ் ஏறினேன். பத்து வருஷமாக அந்தக் கனவு ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் கிழவிகளின் மலத்தைக் கழுவுகிறேன். அது உண்மை என்றால் சாகும்வரை கழுவுகிறேன். மனசார.

பொய் என்றால் அதையும் சொல். எனக்குக் கோபம் வராது. அப்போது உனக்குப் பதினேழு வயது, பயந்துபோயிருப்பாய். உன் வீட்டுக்காரர் உன் வீட்டுக்காரர்தான், எனக்கு அந்த ஆசையெல்லாம் எப்போதோ போய்விட்டது. ஊருக்கு வந்து திருத்துறைப்பூண்டியில் ஒரு அறை எடுத்துக்கொண்டு பாலர் பள்ளியில் வேலை பார்ப்பேன். ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டில் ஒரு வேளைச் சாப்பாடு, அது போதும்.

"கனவு வரவில்லை, அக்கா, வா" என்று ஒரு வரி எழுது. அப்பாவுக்குக்கூடத் தெரிய வேண்டாம்.

உன் அக்கா

*

மரியே வாழ்க!

மேலக்கோட்டகம்
5.8.2000

அன்புள்ள அக்காவுக்குப் பாத்திமா எழுதிக்கொண்டது.

இங்கு யாவரும் நலம். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது, ஆனால் கடைமடைக்கு வர இன்னும் முறை வரவில்லை. பக்கத்து வயல் நல்லக்கண்ணு ராவோடு ராவாக மடையை வெட்டிவிட்டான் என்று அப்பாவுக்கும் அவனுக்கும் வாய்த்தகராறு. அப்பாவுக்கு பிரஷர் ஏறிவிட்டது. மனசு நோகிற மாதிரி எதையும் அவர் காதில் போடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இவர் புது டிஷ் வைத்திருக்கிறார். ஆஷ்லின் நாலாம் வகுப்பில் முதல் ரேங்க். வீட்டுக்கு வெள்ளையடித்தோம், உன்னுடைய பழைய டிரங்குப் பெட்டி துருப்பிடித்துப் போயிருந்தது, பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டேன்.

உன் கடிதம் வந்தது. வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கு நடந்து போகலாம் என்று இருக்கிறோம். திருவிழா முடிந்ததும் விவரமாக எழுதுகிறேன்.

பிரியமுள்ள,
பாத்திமா மேரி

*

மரியே வாழ்க!

ஜெர்மனி
20.9.2000

பாத்தி,

சுகமா? அப்பாவுக்கு பிரஷர் இறங்கியதா? இதையும் நீ மட்டும் படி.

கொடி ஏறி, இறங்கியும் ஆயிற்று. நீ எழுதவில்லை.

அக்டோபர் முடிவதற்குள் மதரிடம் நான் பதில் சொல்ல வேண்டும். நேற்று ஒரு கிழவியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். அவளுக்குத் தன் பிள்ளைகள் பெயரே மறந்துவிட்டது. ஆனால் தங்கையின் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டாள். நான் ஆமாம் என்றேன். வெளியே வந்து, துணி துவைக்கிற மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

எனக்கு வீட்டுக்கு வர வேண்டும், பாத்தி. சொல்ல வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். உன்னை நிற்க வைத்துக் கேள்வி கேட்கமாட்டேன். கனவைப் பற்றி எழுத முடியாவிட்டால் அதை விடு. "வா" என்று மட்டும் எழுது. அதையே பதிலாக எடுத்துக்கொள்கிறேன்.

அக்கா

*

மரியே வாழ்க!

மேலக்கோட்டகம்
14.10.2000

மதிப்பிற்குரிய சிஸ்டர் ரோஸ்லின் அவர்களுக்கு, பாத்திமா மேரி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

தாங்கள் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறோம்.

தாங்கள் கேட்டதற்கு நான் பதில் எழுத வேண்டியதில்லை. மாதாவே பதில் கொடுத்துவிட்டார்கள். போன வியாழக்கிழமை ராத்திரி என் கனவில் மறுபடி வந்தார்கள். அதே மதகு, அதே நீலப் புடவை. "ரோஸ்லின் என் பிள்ளை, அவளை யாரும் திருப்பிக் கேட்காதீர்கள்" என்று சொன்னார்கள். காலையில் எழுந்ததும் அப்பாவிடம் சொன்னேன். அவர் அழுத அழுகையைப் பார்க்க வேண்டும். நேரே கோயிலுக்குப் போய்ச் சாமியாரிடம் சொல்லிவிட்டார். டிசம்பர் எட்டாம் தேதி இங்கேயும் தங்கள் பெயரில் பாடல் பூசை வைத்திருக்கிறோம். இவர் கேபிளில் விளம்பரம் ஓடவிட்டிருக்கிறார்.

சாமிக்குக் கொடுத்ததைத் திரும்ப வாங்கினால், பெண்பிள்ளை இருக்கிற வீட்டுக்கு ஆகாது என்று அப்பா பயப்படுகிறார். எனக்கும் அந்தப் பயம் உண்டு. ஆகையால் தாங்கள் ஊருக்கு வருகிற எண்ணத்தை விட்டுவிட வேண்டும். வந்தால் இந்த வீட்டில் தங்களுக்குக் கதவு திறக்க என்னால் முடியாது. மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள வேண்டாம். எங்களுக்காகச் செபியுங்கள்.

இப்படிக்கு,
பாத்திமா மேரி ரெமிஜியஸ்

*

மரியே வாழ்க!

மேலக்கோட்டகம்
17.10.2000

அன்புள்ள பெரியம்மாவுக்கு ஆஷ்லின் எழுதுவது. நான் சுகம். நீங்க சுகமா?

தாத்தா எனக்கு ஏரோகிராம் வாங்கிக் குடுத்தாங்க. இது நானே எழுதுறேன், அம்மாவுக்குத் தெரியாது. போன வாரம் எனக்குக் காய்ச்சல் வந்துச்சு. வியாழக்கிழமை ராத்திரி ரொம்ப ஜாஸ்தி, ஒடம்பு தீயா கொதிச்சுதாம். அம்மா என்னை மடியில போட்டுக்கிட்டு விடியிற வரைக்கும் ஈரத்துணி மாத்திக்கிட்டே இருந்தாங்க. கொஞ்சம்கூடத் தூங்கல, பாவம். நான் எப்ப முழிச்சாலும் அம்மா முழிச்சிக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் காலையில மாதா கனவுல வந்தாங்கன்னு தாத்தாகிட்ட சொன்னாங்க. எப்ப வந்தாங்கன்னு கேட்டேன், தலையில குட்டிட்டாங்க.

இப்ப எனக்குக் காய்ச்சல் இல்ல. படத்தோட கடைசி என்னன்னு நீங்க எழுதவே இல்ல. அந்த அக்கா திரும்பி வந்தாங்களா? எனக்கு எழுதுங்க.

உங்கள் அன்பு மகள்,
ரெ. ஆஷ்லின்

*

மரியே வாழ்க!

ஜெர்மனி
9.12.2000

அன்பும் மரியாதையும் நிறைந்த அப்பா சவரியப்பன் அவர்களுக்கு, மகள் சிஸ்டர் ரோஸ்லின் பாதம் பணிந்து எழுதுவது.

நான் சுகம். உங்கள் கண்ணும் பிரஷரும் எப்படி இருக்கின்றன? பாத்திமா, அவள் வீட்டுக்காரர், பிள்ளை எல்லோரும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

நேற்று நித்திய வார்த்தைப்பாடு கொடுத்துவிட்டேன். இனி உங்கள் நேர்ச்சைக்கு ஒரு குறையும் இல்லை. கையெழுத்துப் போடும்போது தயங்கவில்லை. போகிற இடம் ஒன்று இருக்கிறவர்களுக்குத்தானே தயக்கம் வரும். வீட்டுக்கு வா என்று யாரும் என்னைக் கூப்பிடவில்லை, போ என்று மாதா இரண்டு தடவை வந்து சொல்லியிருக்கிறார்கள்.

ஆஷ்லின் படத்தின் முடிவைக் கேட்டு எழுதியிருந்தாள். கண்ணு, பழைய படத்தில் மூத்தவள் சிரித்துக்கொண்டு திரும்பி வருவாள், அதுதான் பெரிய ஓட்டை. இத்தனை நடந்த பிறகு அவள் ஏன் சிரிக்க வேண்டும்? புதுப் படத்தில் அதையும் அடைத்துவிட்டார்கள். வருஷங்கள் போகின்றன. இளையவளுக்கு ஒரு மகள் பிறந்து வளர்கிறாள். ஒரு நாள் விடியும்போது கரையில் படகு வந்து நிற்கிறது. மூத்தவள் அதில் இல்லை. காலிப் படகு.

இனி எழுதப்போவதைத் தாத்தாவுக்குக் கேட்கும்படி நன்றாகச் சத்தம் போட்டு வாசி. அம்மாவையும் பக்கத்தில் கூப்பிட்டு வைத்துக்கொள்.

அப்பா, நேற்று வார்த்தைப்பாடு கொடுத்துவிட்டு வந்து படுத்தேன். எனக்கும் மாதா கனவில் வந்தார்கள். நம் ஊர்ப் பெரிய வாய்க்கால் மதகு, நீலப் புடவை, எல்லாம் பாத்திமா சொன்னபடியே. அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை ராத்திரி ஆஷ்லினுக்குக் கடுங்காய்ச்சல் வந்ததாமே, நீங்களும் பாத்திமாவும் எனக்கு எழுதவே இல்லை. அதைக் குணமாக்கியது தான்தான் என்று மாதா சொன்னார்கள். பிறகு, "ஆஷ்லின், ஆஷ்லின்" என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

அவசரம் ஒன்றும் இல்லை. பத்தாம் வகுப்பு முடிக்கட்டும். மதரிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். பங்குச் சாமியாருக்கும் தனியாக எழுதியிருக்கிறேன், ஞாயிறு பிரசங்கத்தில் சொல்வார். புதுநன்மை போட்டோவை என் அறையில் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். முக்காடு அவளுக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

அந்த மதகில் மாதா வரவேயில்லை என்று சொல்லக்கூடியவள் நம் வீட்டில் ஒருத்திதான். அவள் உங்கள் முன்னால் நின்று தன் வாயால் அதைச் சொன்னால், நானும் என் கனவை விட்டுவிடுகிறேன். நீண்ட கடிதம் எல்லாம் வேண்டாம். ஒரு வரி எழுதினால் போதும்.

உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் தினமும் செபிக்கும்,
சிஸ்டர் ரோஸ்லின்